பூ விரியும் வேளையில் மருந்தடிக்கச் சொன்னது யார்?

(சென்னீர்குப்பத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்திய மாலைக் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியது)



நோட்டீசில் ‘தேனீயும் பூச்சிமருந்துச் சட்டமும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டாராம்: “பஞ்சப்படி தீர்ந்துபோச்சா, கூலிச் சண்டை தீர்ந்துபோச்சா, இப்ப ஈக்குக் கூட்டம் போட வந்துட்டாங்களா?” நியாயமான கேள்விதான். அந்தப் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கிறார், பாருங்கள். இன்று நான் பேசப்போவதும் கூலிச் சண்டையைப் பற்றித்தான் என்று அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு தோழர்களுக்கு நடுவில் வந்த ஒரு சண்டையிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு பேரும் நம் சங்கத்தில் இருப்பவர்கள். இரண்டு பேரும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரைச் சொல்லவில்லை.

ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ஊர் மார்த்தாண்டம் பக்கம். அந்தச் சீமையில் தேனீ வளர்ப்பு நேற்று வந்ததல்ல. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராமப் பணி தொடங்கியபோது, மரப்பொந்தில் இருந்த தேனீயைப் பெட்டிக்குக் கொண்டுவரும் வித்தையை ஏழைக் குடியானவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால் திருச்சி வட்டாரத்தில் நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து காட்டினார். இன்றும் அதை நியூட்டன் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். ரப்பர் தளிர்விடும் காலத்தில் தோட்டம் தோட்டமாகப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துத் தேன் எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. 1991, 92-ல் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களைச் சூறையாடிவிட்டுப் போயிற்று. நம் தோழருடைய தகப்பனார் பெட்டியெல்லாம் காலியானது அப்போதுதான். மகன் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். வந்த இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஆறு பெட்டி வைத்தார். ஷிப்டு முடிந்து வந்தால் பெட்டிப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். வருஷத்துக்குச் சில கிலோ தேன், பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவுக்கு ஒரு கை.

இன்னொருவர் இந்த ஊர்க்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற ரோட்டில் மனைப்பிரிவு போக மிச்சமிருக்கும் துண்டு நிலங்களில் கூலிக்குப் போகிறவர். களை வெட்டு, பாத்தி கட்டு, மருந்தடி, எது கிடைத்தாலும் செய்வார். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, அந்த வேப்பமரத்துக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள பூசணிக் கொல்லையில் முதுகில் டாங்கியோடு இறங்கினார். பதினோரு மணிக்கு வேலை முடிந்தது. கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியலில் பெட்டிவாசல் முன்னால் தேனீ செத்துக் குவிந்து கிடக்கிறது. நாக்கை நீட்டியபடி செத்திருக்கிறது. தேனீ வளர்க்கிறவர்களைக் கேளுங்கள், நாக்கு வெளியே தள்ளிச் செத்தால் அது நோயல்ல, விஷம் என்பார்கள். ஆறில் நாலு பெட்டி போயிற்று. லேத்துத் தோழர் நேரே இவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தியிருக்கிறார். “என் வயித்துல அடிச்சிட்டியே!” இவரும் சும்மா இருக்கவில்லை. “நான் என்னா அண்ணே வேணும்னா கொன்னேன்? எட்டு மணிக்கு வாடான்னாங்க, போனேன். உன் ஈ அங்க மேயுதுன்னு எனக்கு யார் சொன்னா?” கைகலப்பு ஆகாமல் தடுத்தது பக்கத்து வீட்டுத் தாய்மார்கள்தான். அன்று இரவு இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள்.

தோழர்களே, யார் பக்கம் நியாயம் என்று நான் யோசித்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் பொய் இல்லை. அப்படியானால் குற்றவாளி எங்கே?

பூசணிப் பூ எப்போது விரிகிறது என்று இங்கே தோட்ட வேலை செய்கிற தாய்மார்களுக்குத் தெரியும். விடியலில் விரியும், உச்சிப்பொழுதுக்கு முன்பே சுருங்கிவிடும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றிலிருந்து மகரந்தத்தை மற்றதுக்குக் கொண்டுபோகத் தேனீ மாதிரி ஒரு பிராணி வர வேண்டும். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகிச் சுருண்டு விழும். அதாவது தேனீ வேலை செய்கிற ஷிப்டு காலை ஷிப்டு. அந்த நேரம் பார்த்துத்தான் மருந்தடிக்கிறோம். அதே மருந்தைச் சாயங்காலம், பூ மூடி, தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடித்திருந்தால், முழுக்க இல்லாவிட்டாலும் பெருமளவு தப்பியிருக்கும். வெயில் ஏறும் நேரத்தில் வேர்வையோடு விஷத்தை உடம்பில் வாங்கிக்கொள்வதிலிருந்து நம் தோழரும் தப்பியிருப்பார்.

பிறகு ஏன் சாயங்காலம் அடிக்கவில்லை? ஏனென்றால் இந்த வட்டாரத்தில் கூலி நாள் என்பது காலையில் தொடங்குகிறது. சாயங்காலம் கூப்பிட்டால் தனிக் கூலி கேட்பான். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அது கட்டாது. அவரும் பெரிய மிராசுதார் இல்லை, கடன்பட்டுத்தான் விதை போட்டவர். மருந்துக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தார், எதற்கு எது என்று அவர்தான் வைத்தியர். வேலை நேரத்தை நிர்ணயிப்பது யார் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்துவிட்டோம், பாருங்கள். இது நமக்குப் பழகிய கேள்விதானே?

நானும் டாங்கி சுமந்தவன். பத்தாவது முடித்த வருஷம் வெள்ளவேடு பக்கம் வேர்க்கடலைக்கு மருந்தடிக்கப் போனேன். வாளியில் கலக்குவது வெறுங்கையால்தான். மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வந்தது, வாந்தி எடுத்தேன். “பால் குடி, சரியாயிடும்” என்றார்கள். சரியானது என் வயசினால். அன்று கால் பக்கத்தில் செத்துக் கிடந்த பூச்சிகளில் தேனீ இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. கூலியைத்தான் எண்ணிப் பார்த்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

1958-ல் கேரளத்தில் ஒரு கொடுமை நடந்தது. பம்பாயிலிருந்து கப்பலில் வந்த மாவு, சர்க்கரை மூட்டைகளோடு பாலிடால் என்ற பூச்சிமருந்தும் வந்தது. மருந்து கசிந்து உணவில் கலந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971-ல் அதற்கு விதிகள் வந்தன. ஏழைகள் உயிரைக் கொடுத்து வாங்கிய சட்டம் அது.

அந்தச் சட்டத்தில் ‘பிராணிகள்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் எழுதியிருக்கிறார்கள். மனிதனுக்குப் பயன்படும் பிராணிகள் என்று அர்த்தம், அதில் மீனும் கோழி முதலான பறவையும் அடக்கம். தேனீயின் பெயர் இல்லை. மனிதனுக்குப் பயன்படுவதில் தேனீயை மிஞ்சிய பிராணி எது என்று எழுதியவர்களைக் கேட்க வேண்டும்.

டப்பாவின் மேல் சாய்சதுரத்துக்குள் ஒரு முக்கோண வர்ணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிவப்பு கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவனும் வர்ணத்தைப் பார்த்து ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று வைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த வர்ணத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? எலி போன்ற பிராணிக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். உடல் எடை கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் பாதி எலி செத்தால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை.

தயாமீத்தாக்சாம் என்று ஒரு மருந்து. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அடிக்கிறார்கள், விதைக்கும் பூசுகிறார்கள். மூல மருந்தை எலிக்குக் கொடுத்தால் கிலோவுக்கு சுமார் 1500 மில்லிகிராம் வேண்டியிருக்கிறது. நீல வகுப்பு, பரவாயில்லை ரகம். தேனீக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை நூறு கோடிக் கூறாகப் போடுங்கள். அதில் ஐந்து கூறு வயிற்றுக்குள் போனால் பாதித் தேனீ செத்துவிடும். ஒரே ஒரு கிராமில் இருபது கோடித் தேனீக்கு இப்படிப் பங்கு வைக்கலாம்! டப்பாவின் வர்ணம் எலியைக் கேட்டுப் பூசியது. தேனீயைக் கேட்டிருந்தால் ரத்தச் சிவப்பல்லவா பூசியிருக்க வேண்டும்?

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டத்தில் தேனீயே கிடையாது என்று சொன்னால் அது பொய். மருந்தைப் பதிவு செய்ய மனுப்போடும் கம்பெனி, தேனீ மீது சோதனை செய்த கணக்கையும் பதிவுக் கமிட்டிக்குக் கொடுக்க வேண்டும். தேனீக்கு நஞ்சு, அது மேயும் நேரத்தில் அடிக்காதே என்று பல மருந்துகளின் துண்டுத்தாளில் எச்சரிக்கையும் உண்டு. எங்கே உண்டு? எட்டாக மடித்து டப்பாவுக்குள் திணித்த தாளில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். அந்தத் தாள் டப்பாவோடு குத்தகைக்காரர் வீட்டில் இருக்கிறது. டாங்கியை முதுகில் மாட்டுகிறவன் அதைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. பார்த்தாலும், “ஐயா, தாளில் சாயங்காலம் என்று போட்டிருக்கிறது, நான் சாயங்காலம் வருகிறேன்” என்று சொன்னால் நாளைக்கு அவனுக்கு வேலை உண்டா? கம்பெனி தாளை உள்ளே வைத்ததோடு கை கழுவிவிட்டது. சர்க்கார் தாளை வைக்கச் சொன்னதோடு கை கழுவிவிட்டது. பழி முழுவதும் கடைசியில் டாங்கிக்காரன் தலையில் வந்து விடிகிறது. லேத்துத் தோழர் அவன் வீட்டு வாசலில் போய்த்தான் கத்துகிறார்.

மருந்து தெளிக்கிறவனுக்குத் தகுந்த பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்று 1971 விதிகளிலேயே எழுதியிருக்கிறது. இந்தக் கூட்டத்தில் அந்த உடையைப் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் தெரியவில்லை. 2017-ல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம் நம் பெரம்பலூர்ப் பருத்திக் காட்டிலும் சாவு விழுந்தது. தேனீக்காக ஒரு சட்டம், கூலிக்காக ஒரு சட்டம் என்று பிரித்துப் பார்க்க இங்கே இடமில்லை.

தடை வந்த கதை

2020 மே மாதம் மத்திய சர்க்கார் ஒரு நகல் உத்தரவு வெளியிட்டது. 27 பூச்சிமருந்துகளைத் தடை செய்யப் போகிறோம் என்றது. அந்த நகலில் ஒவ்வொரு மருந்துக்கும் காரணம் எழுதியிருந்தார்கள். பலவற்றுக்கு நேரே ‘தேனீக்களுக்கு நஞ்சு’ என்று அவர்கள் கையாலேயே எழுதினார்கள். கம்பெனிகள் ஆட்சேபம் தெரிவித்தன. மறுபடி ஒரு கமிட்டி போட்டார்கள். 2023-ல் முடிவு வந்தபோது முழுத் தடை டைகோபால், டைனோகாப், மெத்தோமில் என்ற மூன்றுக்கு. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீத மருந்துக்கு, கையிருப்பு தீர்ந்ததும் நிறுத்து என்றார்கள். மற்ற சிலவற்றுக்கு இந்தப் பயிருக்கு வேண்டாம், அந்த ரகம் வேண்டாம் என்று அங்கங்கே வெட்டினார்கள். 27-ல் புறப்பட்ட வண்டி எங்கே போய் நின்றது பாருங்கள்! ‘தேனீக்களுக்கு நஞ்சு’ என்று எழுதிய கை எங்கே போயிற்று?

இதே சர்க்கார்தான் தேசியத் தேனீ வளர்ப்பு இயக்கம் என்று 500 கோடி ரூபாய் அறிவித்தது. பெட்டி கொடுக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டியிலிருந்து புறப்பட்ட தேனீ ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போய் மேய்கிற பிராணி. அதைக் கயிற்றில் கட்டி மேய்க்க முடியுமா? பெட்டிக்குப் பணம் கொடுத்து, பூவில் விஷம் இருக்கலாம் என்றால், அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்?

சாயங்காலம் அடித்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். சில மருந்து ராத்திரிக்குள் வீரியம் குறையும். சில மருந்து இரண்டு மூன்று நாள் இலையில் நிற்கும். தயாமீத்தாக்சாம், இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள்ளேயே ஏறி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். 1994-ஐ ஒட்டி பிரான்சு தேசத்தில் சூரியகாந்தி பூத்த நேரம், மேயப் போன தேனீ திரும்பவில்லை என்று தேனீ வளர்க்கிறவர்கள் கூக்குரலிட்டார்கள். விதையில் பூசிய இமிடாகுளோபிரிட்தான் காரணம் என்றார்கள். கம்பெனி இல்லவே இல்லை என்றது. அவர்கள் விடவில்லை, தெருவில் இறங்கினார்கள். 1999-ல் சூரியகாந்திக்கு அந்த மருந்தை பிரெஞ்சு சர்க்கார் நிறுத்தியது. 2008-ல் ஜெர்மனியில் மக்காச்சோள விதைப்பின்போது விதை மருந்துத் தூசி பறந்து பல்லாயிரம் தேனீக் கூட்டங்கள் நாசமாயின. கடைசியில் 2018-ல் ஐரோப்பிய யூனியன் இந்த ரகத்தில் மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் போடக்கூடாது என்று தடுத்தது. அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதற்குப் பிறகும் அந்த மருந்து அங்கே தயாராகி வேறு நாடுகளுக்குக் கப்பலேறியது. அவர்கள் தேனீக்கு ஆகாதது மற்றவர்கள் தேனீக்கு ஆகுமாம்!

பக்கத்துக் காசர்கோட்டை எல்லோரும் அறிவீர்கள். முந்திரித் தோட்டத்தின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள், இருபது வருஷத்துக்கும் மேல். குழந்தைகள் ஊனமாகப் பிறந்த செய்தி வெளியுலகத்துக்கு வருவதற்கு முன்பே, தேனீயும் மீனும் தவளையும் அற்றுப்போனதை அந்த ஊர் ஜனங்கள் கண்டார்கள். யார் கேட்டார்கள்? வாலிபர் சங்கம் வழக்குப் போட்டு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் கொடு என்று தீர்ப்பு வந்தது. தேனீ செத்தபோதே ஒருவன் அதைக் கணக்கில் எழுதியிருந்தால் எத்தனை குழந்தை தப்பியிருக்கும்?

கணக்கில் எழுதுவது, அதுதான் நான் கேட்க வந்த விஷயம். லேத்துத் தோழர் நாலு பெட்டி போனதும் ஒரு ஆபீசுக்குப் போனார். எந்த ஆபீசு என்று வேண்டாம். “இதுக்கு ரிஜிஸ்தர் கிடையாதேப்பா” என்றார்கள். மாடு செத்தால் எழுத இடம் இருக்கிறது, தேனீ செத்தால் இல்லை. எழுதாத சாவு நடக்காத சாவு. நாளைக்கு டில்லியில் கமிட்டி உட்கார்ந்து, தமிழ்நாட்டில் தேனீ செத்ததற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டால், ஒரு தாள்கூட இருக்காது.

ஆனால் இதற்கு டில்லிக்குப் போக வேண்டியதில்லை, தோழர்களே. அதே 1968 சட்டத்தின் 26-வது பிரிவைப் படியுங்கள். பூச்சிமருந்தால் ஏற்படும் விஷபாதிப்பை இன்னார் இன்ன ஆபீசருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாநில சர்க்கார் உத்தரவு போடலாம். மனிதனுக்கு நேர்ந்த விஷபாதிப்பு மட்டும்தான் என்று அதில் எழுதியிருக்கவில்லை. 27-வது பிரிவில், ஆபத்து என்று கண்டால் ஒரு மருந்தை 60 நாளைக்கு நிறுத்தி வைக்கவும் மாநில சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. தற்கொலைச் சாவுகளைக் குறைக்க வேண்டும் என்று ஆறு பூச்சிமருந்துகளைத் தமிழ்நாட்டு சர்க்காரே அப்படி 60 நாள் நிறுத்தி வைத்ததும் உண்டு. ஆக, கோட்டையில் உட்கார்ந்தே ஒரு கையெழுத்தில் செய்யக்கூடிய காரியம் இது. செய்யச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும்.

மகஜரில் என்ன எழுதியிருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். தேனீ செத்தால் எழுத ரிஜிஸ்தர் வேண்டும், செத்த தேனீயைச் சோதனைக்கு எடுத்துப்போக ஏற்பாடு வேண்டும், பெட்டி போனவனுக்கு நஷ்டஈடு வேண்டும். தேனீக்கு நஞ்சான மருந்து டப்பாவின் மேல், உள்ளே அல்ல, மேலே, தேனீப் படம் போட்டு அடையாளம் வேண்டும். பூத்திருக்கும் பயிருக்குப் பகலில் அடிக்கச் சொல்வது, அடித்தவன் குற்றம் அல்ல, அடிக்கச் சொன்னவன் குற்றம் என்று விதி வேண்டும். சாயங்கால மருந்தடிக்குத் தனிக் கூலி வேண்டும், உடையும் முகமூடியும் வேலை கொடுப்பவர் பொறுப்பு. அந்தச் செலவு குத்தகைக்காரர் தலையில் மட்டும் விழாமல், வேளாண்மைத் துறை மானியத்தில் அதற்கு வழி வேண்டும். இதைச் சேர்க்கச் சொன்னது அந்தக் குத்தகைக்காரரேதான். பூசணி பாதி பிஞ்சிலேயே அழுகியதைப் பார்த்த பிறகு அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நம் தெருக்களில் கொசுப்புகை அடிக்கிற வண்டி வருகிறதே, அதையும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கொசு வேண்டாம்தான். ஆனால் வண்டி வருவதை முதல்நாள் சொன்னால் பெட்டிக்காரன் வாசலை மூடி வைத்துக்கொள்வான். புதிதாக வந்திருக்கும் மாடிக் குடியிருப்புகளில், பால்கனியில் தேனடை கண்டால் உடனே மருந்தடிக்கிற ஆளுக்குப் போன் போடுகிறார்கள். அவர்களிடம் சண்டை போடாமல் லேத்துத் தோழரிடம் சொல்லி அனுப்புங்கள், ராத்திரியில் வந்து கூட்டத்தைப் பெட்டிக்குள் பிடித்துக்கொண்டு போகிறேன் என்கிறார். நாலு பெட்டி காலியாகத்தானே இருக்கிறது!

சண்டை போட்ட இருவரும் இப்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். மருந்தடிக்கக் கூப்பிட்டால் டாங்கித் தோழர் முதல்நாள் ராத்திரியே வேப்பமரத்து வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். விடியலுக்கு முன் பெட்டி வாசலை மூடி, மேலே ஈரச் சாக்கைப் போட்டுவிடுவார் லேத்துத் தோழர். காற்றுக்கு வழிவிட்டுத்தான் மூட வேண்டும், வெயிலில் அதிக நேரம் வைத்தாலும் உள்ளேயே வெந்துவிடும் என்கிறார். ஆகையால் இது ஒரு நாளைக்குத் தாங்கும் வழி, வருஷம் முழுக்கத் தாங்காது.

மகஜர் மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம். ஆலையில் லீவு கிடைக்காதவர்கள் வீட்டிலிருந்து ஒருவரையாவது அனுப்புங்கள். செத்த தேனீயை லேத்துத் தோழர் ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார், அதையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.